விளம்பரத்தை ஏற்றுக்கொண்டு மலிவு விலையில் கணினி வாங்கலாமா?

கேள்வி – பிப்ரவரி 3, மாலை

மகன் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறான். புதிய மடிக்கணினி வாங்கக் கடைகடையாக ஏறி இறங்கிவிட்டேன். என் கைக்கு எட்டும் விலையில் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நிறுவனம், "திரையின் ஓரத்தில் எங்கள் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், சம்மதித்தால் பாதி விலை" என்று சொன்னால் நான் யோசிக்காமல் வாங்கிவிடுவேன். டிவியில் பார்க்காத விளம்பரமா, பேப்பரில் பார்க்காத விளம்பரமா? இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

நான் கணினி விற்பனையும் பழுதுபார்ப்புமாகக் கடை நடத்துகிறவன். இந்தக் கேள்வி என் மேசைக்கு வெவ்வேறு உருவத்தில் அடிக்கடி வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதுபோன்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1999-இலேயே நடந்து முடிந்தது. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்திய பில் கிராஸ், அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃப்ரீ-பிசி என்ற பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்தார். பாதி விலைகூட இல்லை, முழுக்க இலவசம். முதல் சுற்றில் 10,000 காம்பாக் பிரசாரியோ கணினிகள் என்று சொல்ல, சில நாள்களிலேயே லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். திரையின் அளவு 1024-க்கு 768 புள்ளிகள். அதில் 800-க்கு 600 மட்டும் பயன்படுத்துபவருக்கு, எஞ்சிய ஓரங்கள் விளம்பரத்துக்கு. 4 ஜிபி வன்தட்டில் ஏறக்குறைய பாதியை விளம்பரங்களுக்கே ஒதுக்கியிருந்ததால், இணைய இணைப்பு இல்லாதபோதும் அவை திரையில் ஓடிக்கொண்டிருந்தன. மாதத்துக்கு இத்தனை மணி நேரமாவது கணினியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விண்ணப்பப் படிவம்தான். வயது, வருமானம், குடும்ப விவரம், பொழுதுபோக்கு என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். அந்த விவரங்களைப் பார்த்துத்தான் யாருக்குக் கணினி கொடுப்பது என்று தேர்ந்தெடுத்தார்கள். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு வேண்டியது பொருள் வாங்கும் சக்தி உள்ளவர்கள். ஆகவே, கணினி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இலவசக் கணினி போய்ச் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு. மலிவுக் கணினி ஏழைகளுக்கு உதவும் என்று பேசும்போது இந்த உண்மையை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஃப்ரீ-பிசி, இமெஷின்ஸ் என்ற மலிவுக் கணினி நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. இலவசக் கணினி கொடுப்பதும் அதோடு நின்றுபோனது.

பிப்ரவரி 4, காலை

டிவி, செய்தித்தாள் என்று நீங்கள் சொன்னதை இரவு படுத்த பிறகும் யோசித்தேன். செய்தித்தாளின் விலையில் பெரும்பகுதியை விளம்பரதாரர் தாங்குகிறார் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் நான் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது அச்சிட்டவருக்குத் தெரியாது. படித்து முடித்தால் எடைக்குப் போட்டுக் காசாக்கலாம். கணினியில் வரும் விளம்பரம், நான் அதைப் பார்க்கும்போது என்னையும் பார்க்கிறது.

டிவியும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி தொலைக்காட்சிப் பெட்டிகளில் மக்கள் நொடிக்கு நொடி என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களின் சம்மதமின்றிச் சேகரித்தது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட வைத்தது. விசியோ பெட்டிகள் விலை குறைந்தவை என்பதற்காகவே பெயர் பெற்றவை. அந்த விலை எங்கே ஈடுகட்டப்பட்டது என்று இப்போது புரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 4, கடை சாத்திய பிறகு

"பார்த்தால் பார்க்கட்டும், என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது" என்று மதியம் ஒருவர் கேட்டிருக்கிறார். என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று கொண்டுவந்தார். போனின் பெயரும் அதைத் தயாரித்த நிறுவனமும் இங்கே தேவையில்லை. அந்த விலைக்கு அவ்வளவு வசதி வேறு எதிலும் கிடைக்காது என்று சொல்லி அவருக்கு விற்றிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் பூட்டுத்திரையில் முதலில் வருவது கண்ணைக் கவரும் ஒரு படம், அதன் அடியில் ஒரு வரி. அவர் போனைத் திறக்க வழக்கம்போல் கட்டைவிரலை மேலே தள்ளுகிறார். விரல் சற்று நடுங்குவதால் தள்ளல் பாதியில் தட்டலாகிவிடுகிறது. உடனே விளம்பரப் பக்கம் விரிந்துவிடுகிறது. அதை மூட வேண்டிய பெருக்கல் குறி மூலையில் கடுகளவு இருக்கிறது. பதிவிறக்கப் பொத்தான் திரையின் அகலத்துக்கு நிற்கிறது. என் முன்னாலேயே அவர் மூடப்போய்ப் பதிவிறக்கத்தைத்தான் அழுத்தினார்.

போனைத் திறந்து பார்த்தால், அவர் பெயரே கேள்விப்படாத கடன் செயலிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குத் தொடர்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதியும் போயிருந்தது. "ஓகே கொடுத்தால்தான் அடுத்தது போகும்போல் இருந்தது, கொடுத்துவிட்டேன்" என்றார். குப்பையைக் கூட்டிப் போனை வேகமாக்குவதாகச் சொல்லும் செயலி ஒன்றும் இருந்தது. அது தானே நிமிடத்துக்கு ஒருமுறை முழுத்திரை விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அந்த மனிதர் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவர், ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகளின் எண்கள்வரை எவனுடைய கணினிக்கோ போய்விட்டன. எனக்கு வயிறு எரிந்தது.

ஆகவே, உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் போனில் இருப்பது உங்கள் விவரம் மட்டும் இல்லையே.

பிப்ரவரி 6

சியோமி, ரெட்மி, போகோ போன்களில் விளம்பரத்தை நிறுத்தும் வழியைக் கேட்டவருக்கு: அமைப்புகளுக்குள் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்', அதில் 'எம்எஸ்ஏ' (விளம்பரம் காட்டும் மென்பொருள்) என்பதை அணையுங்கள். இணைப்பு இருக்கும்போதுதான் அணையும். பத்து நொடி காத்திருக்கச் சொல்லும். முதல் தடவை முடியவில்லை என்றும் சொல்லக்கூடும். விடாமல் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பூட்டுத்திரையில் படமும் விளம்பரமுமாக வரும் கிளான்ஸ் சேவையை அதற்கான அமைப்பில் தனியாக நிறுத்த வேண்டும். எம்எஸ்ஏயை நிறுத்தியதாலேயே அது நின்றுவிடாது.

சியோமியின் கணக்கு ஒளிவுமறைவானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வன்பொருளில் நிகர லாபம் ஆண்டுக்கு 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அதன் தலைவர் லேய் ஜுன் 2018-இல் பகிரங்கமாகவே அறிவித்தார். மீதி இணையச் சேவையில் வரும். விளம்பரமும் அதில் அடக்கம். வாங்குபவரிடம் இதைக் கடைக்காரர் எடுத்துச் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 8, ஞாயிறு

இதுவரை எழுதியதைப் படித்தால் விளம்பரத்துக்கு விலைக்குறைப்பு என்ற ஏற்பாட்டையே நான் ஒட்டுமொத்தமாக மறுப்பதுபோல் தோன்றும். அப்படி இல்லை. நேர்மையாகச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடும் உண்டு.

அமேசான் 2011-இல் 139 டாலர் விலையுள்ள கிண்டில் என்ற மின்னூல் படிப்பானை, விளம்பரத்துடன் என்றால் 114 டாலர் என்று விற்றது. விளம்பரம் வந்தது இரண்டே இடங்களில்: சாதனம் உறங்கும்போது அதன் திரையில், முகப்புப் பக்கத்தின் அடியில். புத்தகத்தைத் திறந்துவிட்டால் ஒன்றும் வராது. பிறகு, பிடிக்காதவர்கள் வித்தியாசத் தொகையைக் கட்டி விளம்பரத்தை நீக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். இரண்டு விலையும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றன. என் கவனத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு 25 டாலர் என்று எனக்குத் தெரிந்தது. இப்படி விலை எழுதி ஒட்டியிருந்தால் ஏற்பதும் மறுப்பதும் என் விருப்பம். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை.

அதே அமேசான் 2016-இல் போனிலும் இதைச் செய்தது. மோட்டோ ஜி4 200 டாலரிலிருந்து 150 ஆனது. புளூ ஆர்1 எச்டி 100-லிருந்து 50 ஆனது. பூட்டுத்திரையில் விளம்பரம். 2018 பிப்ரவரியில் அதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். முகத்தைக் காட்டித் திறப்பது, சொந்தப் படத்தை வைத்துக்கொள்வது ஆகியவற்றுக்குப் பூட்டுத்திரை விளம்பரம் இடைஞ்சலாக இருக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். படிப்பானில் பொருந்திய ஏற்பாடு போனில் பொருந்தவில்லை. கிண்டிலை நாளுக்கு ஒருமுறை திறக்கிறோம்; போனை எத்தனை முறை திறக்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மகனுக்கு நீங்கள் வாங்கப்போகும் கணினி இந்த வகையில் போனைப் போன்றது. வேலை செய்யும் நேரமெல்லாம் கண் அதன்மேல் இருக்கும்.

பிப்ரவரி 8, பிற்பகல்

புளூ போன் பற்றிக் கேட்டவருக்கு ஒரு விளக்கம். அந்தப் போனில் இருந்த அடப்ஸ் என்ற மென்பொருள் குறுஞ்செய்திகளையும் தொடர்புகளையும் சீனாவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பியதை 2016 நவம்பரில் கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கும் அமேசானின் விளம்பரத்துக்கும் தொடர்பு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசக் கூடாது.

பிப்ரவரி 11

"முழு விலை கொடுத்தால் மட்டும் விளம்பரம் வராதா?" என்ற கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் அது என் வாதத்தின் அடியிலேயே கை வைக்கிறது.

வருகிறது. விண்டோஸ் 11-இன் தொடக்கப் பட்டியலில், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலுள்ள செயலிகளைப் 'பரிந்துரை' என்ற பெயரில் 2024-இல் நுழைத்தார்கள். லட்ச ரூபாய்க் கணினியிலும் அது வரும். அமைப்புகளில் 'பர்சனலைசேஷன்', அதில் 'ஸ்டார்ட்' என்ற இடத்தில் நிறுத்தலாம் என்றாலும், நிறுத்துகிற வேலை காசு கொடுத்தவர் தலையில்தான் விடிகிறது. இன்னும் பின்னால் போனால், 2008-இல் சோனி நிறுவனம் தன் வயோ மடிக்கணினிகளில் தானே நிரப்பிய வேண்டாத மென்பொருள்களை நீக்கித் தர 50 டாலர் கேட்டது. எதிர்ப்பு கிளம்பிய உடனே அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது லெனோவா விவகாரம். 2014-இன் பிற்பகுதியில் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை முன்கூட்டியே ஏற்றியிருந்தார்கள். நீங்கள் இணையத்தில் பார்க்கும் பக்கங்களுக்குள் அது தன் விளம்பரத்தைச் செருக வேண்டும்; பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் செருகுவதற்காக, உலாவிக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவே தானே உட்கார்ந்துகொண்டு போலிச் சான்றிதழைக் காட்டியது (தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதி சொல்வது இந்தச் சான்றிதழ்). அந்தச் சான்றிதழை உருவாக்கும் திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அதன் கடவுச்சொல்லை 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு வல்லுநர் சில மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். அதன் பிறகு, ஒரு டீக்கடை வைஃபையில் அருகே இருக்கும் எவரும் அந்தக் கணினிகளின் வங்கிப் பரிமாற்றத்தை இடைமறிக்கலாம் என்ற நிலை. 2017-இல் லெனோவா அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. சூப்பர்ஃபிஷுடன் செய்த ஒப்பந்தத்தால் லெனோவாவுக்குக் கிடைத்தது அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர் என்று ஃபோர்ப்ஸ் எழுதியது. வாங்கியவர்களுக்கு எந்த விலைக்குறைப்பும் அறிவிக்கப்படவில்லை. இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்றே தெரியாது.

ஆகவே, விலை கூடினால் விளம்பரம் இருக்காது என்று நம்பி விலை கூடிய கணினியை வாங்க வேண்டாம். என் கவலை விளம்பரத்தைத் தாண்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது என்று எழுத எழுதத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் யாருடைய பேச்சைக் கேட்கிறது, நான் நிறுத்து என்றால் நிற்கிறதா என்பதே என் கவலை.

பிப்ரவரி 12

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியிலும் முதலமைச்சரின் படம் இருந்ததே, அது விளம்பரம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 2011-இல் திட்டம் தொடங்கியபோது ஜெயலலிதாவின் படம் மூடியிலேயே இருந்தது. விளம்பரம்தான், மறுக்கவில்லை. அரசுப் பணத்தில் வாங்கிய பொருளில் தலைவர் படம் எதற்கு என்ற விவாதம் அப்போதே நடந்தது. ஆனால் அந்தப் படம் மாணவன் என்ன தட்டச்சு செய்கிறான் என்று யாருக்கும் தகவல் அனுப்பவில்லை. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் அதில் இருந்தது. மாணவன் எதை வேண்டுமானாலும் அழித்து எதை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். என் கடைக்கு அந்தக் கணினிகள் நிறைய வந்திருக்கின்றன. மூடியில் படத்தின் மேலே கிரிக்கெட் வீரர், நடிகர், வேளாங்கண்ணி மாதா என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உள்ளே மாணவன் எழுதிய சி நிரல்கள் கிடக்கும். இயந்திரம் அவனுடையதாகவே இருந்தது.

பிப்ரவரி 14

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது, வேண்டாம் என்பதுதான். அமெரிக்காவில் ஜாப்மீ என்ற நிறுவனம் பள்ளிகளுக்கு இலவசமாகக் கணினி ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது. திரையின் ஒரு மூலையில் விளம்பரம் வரும். அவற்றை நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் மாணவர்கள் பயன்படுத்தியாக வேண்டும். நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் போன்றோர் எதிர்த்ததும், அந்த இலவச ஏற்பாட்டை 2000-இன் இறுதியில் கைவிட்டது. வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எழுந்து போகும் உரிமை இல்லை. அந்த இடத்தை விளம்பரத்துக்கு விற்க யாருக்கும் அதிகாரமும் இல்லை.

நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் கூடாது என்கிறது. உங்கள் மகன் பதினொன்றாம் வகுப்பு. பாதி விலைக் கணினி சந்தைக்கு வந்தாலும், அதை அவன் பெயரில் பதிந்து கொடுக்கும் நிறுவனம், இந்த விதி நடைமுறைக்கு வந்ததும் இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பெயரில் பதிந்து அவன் கையில் கொடுத்தால், சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து அவனை நீங்களே வெளியே எடுத்துவிடுகிறீர்கள்.

பிப்ரவரி 15

"வீட்டில் கணினியே இல்லாதவனுக்கு விளம்பரத்தோடு ஒன்று கிடைத்தாலும் லாபம்தானே" என்று எழுதியவரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது; அவரை வாதத்தில் மடக்க நான் விரும்பவில்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் நானும் வாங்கத்தான் சொல்வேன். ஆனால் வேறு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் புதுக் கணினியின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பாடத்திட்டத்தில் உள்ள பைதான், சி++ எல்லாம் தாராளமாக ஓடும். மூலையில் ஒரு விளம்பரமும் வராது.

பிப்ரவரி 17

'டெலி' (Telly) என்ற அமெரிக்க நிறுவனம் 2023-இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். 55 அங்குலப் பெட்டி. அதன் அடியில் விளம்பரத்துக்கென்றே இரண்டாவது திரை. கூடவே ஒரு கேமரா. நிபந்தனைகளின்படி நடக்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கடன் அட்டையிலிருந்து பணம் எடுத்துக்கொள்வார்கள். இதை இலவசம் என்று சொல்வதைவிட வாடகை என்று சொல்வது பொருத்தம். வாடகையை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

பிப்ரவரி 18

மகனுக்குப் பழைய மடிக்கணினியே பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. வாங்கும் இடத்திலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் அதன் விலையைப் பேசிக் குறையுங்கள். எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இருக்க வேண்டும், 8 ஜிபி ராம் இருக்க வேண்டும். திரைக் கீலை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். பழைய நிறுவனம் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) போட்ட கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். அது இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அவர்கள் ஏற்றிக் கொடுக்கும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளாமல், வீட்டுக்கு வந்ததும் முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். மகனையே செய்யச் சொல்லுங்கள், சிக்கினால் இங்கே எழுதட்டும்.